கட்டைவிரல் முன்கூட்டியே கிளம்பட்டும்

பியானோவில் ஸ்கேல் (சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) தடுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும் இடம். என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் சரிசெய்வேன்.

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வெள்ளைக் கட்டைகளில் மட்டும் போகும் சி மேஜர் ஸ்கேல் (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி) ஏற வலது கைக்கு 1-2-3-1-2-3-4-5. டி-யை 2 அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நகர ஆரம்பிக்க வேண்டும். ஈ வாசித்த பிறகு அவசரமாக இழுத்தால் முழங்கை வெளியே தூக்கிக்கொள்ளும், எஃப் மட்டும் ‘டொம்’ என்று விழும். ஈ, எஃப் இரண்டை மட்டும் 3-1, 3-1 என்று மெதுவாக வாசித்துப் பாருங்கள். மணிக்கட்டு முறுக்கக் கூடாது. இறங்கும்போது 3 கட்டைவிரலைத் தாண்டி வரும். இடது கை ஏறும்போது 5-4-3-2-1-3-2-1.

எஃப் மேஜரில் வலது கைக்கு 1-2-3-4-1-2-3-4. நாலாவது சுரம் பி ஃப்ளாட், கறுப்புக் கட்டை. ஸ்கேல் வாசிக்கையில் குட்டையான கட்டைவிரலை அங்கே வைக்காமல் 4-ஐ வைத்துவிட்டு, அப்புறம் சி-யில் நுழைகிறோம்.

பியானோ இசையமைப்பாளர் ஷோபான் (Chopin) தன் மாணவர்களுக்கு பி மேஜரைத்தான் முதலில் கொடுத்தார். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டைகளில் தானாகவே உட்காரும். கை வடிவம் கெடாது. நானும் அப்படித்தான் சொல்வேன்: சி மேஜர் படிக்க எளிது, விரலுக்கு அல்ல.

மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள், தட்டுக்கு ஒரு சுரம். ஒவ்வொரு கையும் தனியாகச் சீரானதும் இரண்டையும் சேர்க்கலாம்.