பன்னிரண்டு நாள் கணக்கு: வேலையையும் வீட்டையும் தராசில் வைக்காமல் ஓட்டுவது எப்படி?

என் மேசைக்கு மேலே ரொம்ப நாள் ஒரு வட்டப்படம் ஒட்டியிருந்தது. வேலைக்கு எட்டு மணி நேரம், தூக்கத்துக்கு எட்டு, வீட்டுக்கு எட்டு. மூன்று நிறத்தில் நானே ஸ்கெட்ச் பேனாவால் தீட்டியது. ஒரு நாள்கூட அதன்படி நடந்ததில்லை. நடக்காத ஒவ்வொரு நாளும் தப்பு என் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு பாம்பன் சின்னப்பாலத்தில். நான் பார்ப்பது மெடிக்கல் பில்லிங். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு இன்சூரன்ஸ் பணம் மறுக்கப்பட்டால், அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்டு, பில்லைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். மாலை 6.30க்கு உட்கார்ந்தால் அதிகாலை 3.30 வரை. நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தால் என் விடியலும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

ஒரு லீவு நாளில் மகளை அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். இறங்கும்போதே டீம் லீடரின் மெசேஜ். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று ஆட்டோவிலேயே உட்கார்ந்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கும்போது இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஆறு வயதுக்காரி அம்மாச்சியிடம் சொன்னாள்: “அம்மா வரல அம்மாச்சி, ஆட்டோ மட்டுந்தான் வந்துச்சு.”

அன்றைக்கு ராத்திரியே வட்டத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது என் அம்மாவின் கணக்கு.

அம்மா மன்னார் வளைகுடாப் பக்கம் கடல்பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, எல்லாம் பாசி வகைகள்தான். விரல்களில் துணி சுற்றி, சேலைக்கு மேல் ஒரு ஆம்பளைச் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்க வேண்டும். ஆனால் மாதம் முழுக்கப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மொத்தம் 12. பாசி எடுக்கிற பெண்கள் தாங்களே கூடிப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. இடைவெளி விட்டால்தான் பாசி மறுபடி வளரும்.

இதை யாராவது ‘இயற்கையோடு இயைந்த வாழ்க்கை’ என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அந்த 12 நாளும் பாறை கிழித்த கையோடுதான் திரும்பி வருவார். மீதி நாளில் கருவாடு காயப்போடும் கூலிக்குப் போவார். நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கடல் நாளையும் கரை நாளையும் அம்மா ஒரே நாளுக்குள் அடைக்கப் பார்ப்பதில்லை. கடல் நாளில் அடுப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு நோட்டு. ஒரு பட்சம் முழுக்க, அதாவது 14, 15 நாள், எப்போது வேலையைத் தொட்டீர்கள் என்று எழுதுங்கள். ஷிப்ட் நேரத்தை மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. மத்தியானத் தூக்கத்தில் எழுந்து பதில் போட்ட மெசேஜ், சனிக்கிழமை ‘சின்ன ட்ரெய்னிங்’, கரண்ட் போய்விடுமோ என்று முன்கூட்டியே லாகின் செய்தது, எல்லாம் வர வேண்டும். என் கணக்குப்படி இரண்டு வாரத்துக்கு 90 மணி நேரம் என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டிப் பார்த்தால் 117. வாரத்துக்கு 58 தாண்டிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நோட்டை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதே நோட்டில் இன்னொரு பக்கம் வீட்டு வேலைக்கு. தண்ணீர் பிடித்தது, சமைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது. இதை ‘வாழ்க்கை’ என்ற தட்டில் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும். பாத்திரம் விளக்குவது எனக்கு ஓய்வு கிடையாது. உங்களுக்கும் இருக்காது.

அப்புறம் காலண்டர். அமாவாசை, பௌர்ணமி போட்ட சாதா மாதக் காலண்டர் போதும், ஆப் எல்லாம் வேண்டாம். உங்கள் வேலைக்கும் ஒரு அமாவாசை இருக்கும். நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்கு மாதக் கடைசி ஐந்து நாள், கணக்கு முடிக்கிற நேரம். அந்த நாட்களைக் கறுப்பில் அடித்துவிட்டேன். அந்த ஐந்து நாளில் நல்ல அம்மாவாக, நல்ல மகளாக இருக்கப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். சோறு அம்மா பொங்குவார், பிள்ளை அம்மாச்சியோடு படுத்துக்கொள்வாள்.

அதற்குப் பதில், அம்மாவின் 12 நாளில் அடுப்பு என்னுடையது. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று மூன்று நாள் போகும், மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் போகும். இரண்டும் ஒரே நாளில் இறங்கினால் வலை அறும், சண்டை வரும். வீட்டுக்கும் அதே முறைதான் வைத்தோம். சிக்கல் எங்கே என்றால், நிலவு மாதம் இருபத்தொன்பதரை நாள். இங்கிலீஷ் தேதியோடு ஒத்துப்போகாது. சில மாதம் அமாவாசையும் என் மாதக் கடைசியும் ஒன்றாக வந்து விழும். அந்த நாட்களுக்கு ஒரே வழி, கடை இட்லி. அதற்கென்று தனியாகப் பணம் எடுத்துவைத்துவிடுகிறோம். இதை முன்கூட்டியே பேசிவைத்தால் சண்டை பாதியாகக் குறைகிறது.

கறுப்பு அடித்த பிறகுதான் வேலைக்குப் போகாத நாட்களை வட்டமிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். அதுதான் நான் செய்த தப்பு. கறுப்பு போக மிச்சத்தில் லீவு தேடினால் மிச்சமே இருக்காது. மாதம் பிறக்கும் முன்பே வட்டம் போட்டுவிடுங்கள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது ஊருக்கே தெரியும். தெரிந்திருப்பதால்தான் கடனை, கல்யாணத்தை, படகு வேலையை எல்லாம் அதை வைத்துத் திட்டம் போட முடிகிறது. ஆனால் சும்மா கிடக்கிற நாள் வயிற்றுக்குத் தெரியும். தடைக்காலத்துக்கு அரசு நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? கையில் காசில்லாமல் எடுக்கிற லீவில் மனசு வேலையைத்தான் சுற்றும். அதனால் போஸ்ட் ஆபீசில் ஒரு ஆர்.டி. போட்டிருக்கிறேன், சம்பளம் இல்லாத நாட்களுக்கு மட்டும்.

இதில் எதையும் தனியாகச் செய்யாதீர்கள். அம்மாவின் 12 நாள் கட்டுப்பாடு நிற்பதற்குக் காரணம் அம்மாவின் மன உறுதி இல்லை. அத்தனை பெண்களும் நிற்கிறார்கள், அதனால் அவரும் நிற்கிறார். பதின்மூன்றாம் நாள் ஒருத்தி இறங்கினால் மறுநாள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் நடத்திய சிங்காரவேலரும் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்தான். எட்டு மணி நேர வேலை என்பதே கூட்டமாகக் கேட்டு வாங்கியது. யாரும் வீட்டில் ஒற்றையாக உட்கார்ந்து வட்டம் வரைந்து வாங்கவில்லை. நான் என் டீமில் இரண்டு பேரோடு பேசினேன், ஒருத்தர் தேவகோட்டை, ஒருத்தர் சென்னை. ஒருவர் வட்டமிட்ட நாளில் மற்ற இருவரில் ஒருவர் அவருடைய டினையல் பட்டியலை, அதாவது பணம் மறுக்கப்பட்ட பில்களின் பட்டியலை, பார்ப்பது என்று முடிவு. மூன்று பேர் இருந்தால் போதும், ஆரம்பித்துவிடலாம்.

இன்னொரு சின்ன விஷயம். கரைக்கு வந்ததும் அம்மா முதலில் விரல் துணியை அவிழ்த்து உதறிக் கொடியில் போடுவார். அது கொடிக்குப் போன பிறகு கடலைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. நான் ஹெட்செட்டைக் கழற்றி அதே கொடியில் மாட்டுகிறேன். லேப்டாப் மூடியிருந்தாலும் ஹெட்செட் மேசையில் கிடந்தால் கை தானாகப் போகிறது, ஏனென்று தெரியவில்லை.

மேலே இருப்பவருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் மாதத்தின் முதல் தேதி அனுப்பிய மெசேஜ் இதுதான்: “இந்த மாதம் 7, 8, 14, 15, 21 தேதிகளில் நான் ஆன்லைனில் இருக்க மாட்டேன். என் டினையல் பட்டியலை அந்த நாட்களில் யார் பார்ப்பார் என்று கீழே எழுதியிருக்கிறேன்.” மன்னிப்பு கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை, ‘முடிந்தால்’ என்று ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. ஐந்து முறை எழுதி அழித்துத்தான் அந்த ‘முடிந்தால்’ போனது.

முதல் மாதம் ஐந்தில் நாலு நாள் நின்றது. 21ஆம் தேதி காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது, எடுத்துவிட்டேன். சாயங்காலம் அந்த வட்டத்தை அடித்துவிட்டு 24ஐ வட்டமிட்டேன்.