அழைப்பிதழில் குருக்களின் பெயருக்கு முன் என்ன எழுதுவது?

புதுச்சேரியிலும் கடலூரிலும் திருவிழா அழைப்பிதழோ திருமணப் பத்திரிகையோ அச்சுக்குக் கொடுப்பவர்கள் அதிகம் தடுமாறுவது கிறிஸ்தவக் குருக்களின் பெயருக்கு முன் எந்த அடைமொழியைப் போடுவது என்பதில்தான். கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்துக்காகப் பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் கடைப்பிடிக்கும் நெறி ஒன்றே: அடைமொழி பிறர் தருவது. தருபவர் குறைக்காமல் தரவேண்டும். பெறுபவர் அதைக் கேட்டு வாங்கக் கூடாது.

முதலில், குருவானவர் எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கரிடையே ‘ஆயர்’ என்றால் மறைமாவட்டத்தின் தலைவர் (பிஷப்), ‘பேராயர்’ என்றால் உயர்மறைமாவட்டத்தின் தலைவர். ஆகவே புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத் தலைவரைப் பேராயர் என்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையிலும், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையிலும் பேராயர் என்பது பிஷப்பைக் குறிக்கும்; சபையை நடத்தும் போதகரையே பலரும் ஆயர் என்று அழைக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் நடந்த ஒரு திருமணத்தில் பெண் வீட்டார் லுத்தரன் சபையினர், மாப்பிள்ளை வீட்டார் கத்தோலிக்கர். கையெழுத்துப் படியில் ‘ஆயர்’ என்றிருந்ததைக் கண்ட அச்சகத்தார் நல்லெண்ணத்தோடு அதன் முன், கத்தோலிக்க ஆயர்களுக்கு எழுதும் ‘மேதகு’வைச் சேர்த்துவிட்டார். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, நான் சபை ஊழியன்தானே” என்று அந்தப் போதகர் பெண்ணின் தாயாரிடம் சொன்னபோது போதகர் முகத்தில் தெரிந்த கூச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முன்னதாக ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும்.

அடுத்து, ஒரு பெயருக்கு ஓர் அடைமொழி போதும். கத்தோலிக்கக் குருவுக்கு ‘அருட்தந்தை’ அல்லது ‘அருள்பணி’, திருத்தொண்டருக்கு (டீக்கன்) ‘திருத்தொண்டர்’, துறவியருக்கு ‘அருட்சகோதரி’, ‘அருட்சகோதரர்’. மற்றச் சபைகளின் போதகர்களுக்கு ‘அருட்திரு’ அல்லது ‘மறைதிரு’, அந்தச் சபையின் வழக்கம் எதுவோ அது. பெந்தகோஸ்து சபையினர் ‘பாஸ்டர்’ என்றே எழுதுகிறார்கள். அதை மாற்ற வேண்டியதில்லை. முன்னே ‘வணக்கத்துக்குரிய அருட்தந்தை’, பின்னே பட்டங்களின் வரிசை, அதற்கும் பின்னே ‘அவர்கள்’ என்று அடுக்கினால் நடுவில் அகப்பட்ட பெயர் கண்ணில் படாமல் போய்விடுகிறது. படிப்புப் பட்டம் கருத்தரங்க அறிக்கையில் இருக்கட்டும். திருப்பலி அழைப்பிதழில் அதற்கு வேலையில்லை என்பது என் உறுதியான கருத்து. ‘மொன்சிஞ்ஞோர்’ என்பதை வயதான குருக்கள் எல்லாருக்கும் மரியாதைக்காகப் போட்டுவிடாதீர்கள். அது திருத்தந்தை வழங்கும் பட்டம். 2014இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைமாவட்டக் குருக்களில் 65 வயது நிறைந்தவர்களுக்கே இனி அதை வழங்குவது என்று வரையறுத்தார்.

‘மேதகு’ பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ‘ரபி’ என்றும் ‘தந்தை’ என்றும் அழைக்கப்படுவதைப் பற்றி எச்சரித்திருக்க, ஆளுநருக்கு வழங்கிய சொல்லை ஆயருக்கும் எழுதலாமா என்று இளைஞர்கள் என்னிடம் வாதிட்டதுண்டு. அந்தக் கேள்வியை ஆயர்களே தங்களுக்குள் எழுப்பியிருக்கிறார்கள். உலகெங்கிலுமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவடைய மூன்று வாரங்களே இருந்த நிலையில், 1965 நவம்பர் 16 அன்று உரோமையின் தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் ஏறத்தாழ 40 ஆயர்கள் கூடி, பெருமையையும் அதிகாரத்தையும் காட்டும் பட்டங்களால் தங்களை அழைக்க வேண்டாம், தந்தை என்றால் போதும் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு வெகு காலம் முன்பே, 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், ‘அனைத்துலக’ என்ற அடைமொழியை ஏற்க மறுத்த திருத்தந்தை பெரிய கிரகோரியார், தம்மை ‘இறை ஊழியர்களின் ஊழியன்’ என்றே குறிப்பிட்டு வந்தார். இவர்கள் எல்லாரும் தங்கள் பட்டத்தைத் தாங்களே துறந்தார்கள். ஆகவே பேராயர் இல்லம் வேறு விதமாகச் சொல்லாதவரை ‘மேதகு’ என்றே எழுதுங்கள். நம் கையால் அதை வெட்டிவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைப்பது சரியல்ல.

குருக்களுக்கும் ஒன்றைப் பணிவோடு சொல்ல விரும்புகிறேன். கடிதத்தின் அடியில் கையெழுத்திடும்போது பெயரை மட்டும் எழுதி, அதன் கீழே ‘பங்குத்தந்தை’ என்று பொறுப்பைக் குறிப்பிடுங்கள். தன் பெயருக்குத் தானே ‘திரு’ போட்டுக்கொள்வது தமிழில் வழக்கமில்லை; ‘அருட்தந்தை’க்கும் அதுவே பொருந்தும். தொலைபேசியில் “ஃபாதர் பேசுறேன்” என்பதைவிடப் பெயரைச் சொல்லி, இன்ன கோவிலிலிருந்து பேசுகிறேன் என்பது கேட்பவருக்கு இதமாயிருக்கும். இதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே உண்டு. புதுச்சேரி மிஷன் அச்சகம் 1855 முதல் வெளியிட்ட தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர்கள் முசே, துப்புய் என்னும் குருக்கள். அத்தனை பெரிய உழைப்பின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை. பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபையின் மறைபணியாளர் இருவர் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது.

கடைசியாக எழுத்தின் அளவைப் பாருங்கள். அடைமொழியைவிட அதிகம் மனம் நோகச் செய்வது இதுதான். கொடியேற்றுபவரின் பெயர் கட்டைவிரல் அகலத்திலும், ஒன்பது நாளும் மறைக்கல்விப் பிள்ளைகளைத் தயாரித்த அருட்சகோதரியின் பெயர் அடைமொழிகூட இல்லாமல் கடைசி வரியிலும் இருந்தால், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். வரிசை முறைப்படி இருக்கட்டும். எழுத்தளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

மெய்ப்பைப் பங்குத்தந்தையிடம் காட்டாமல் அச்சேற்றாதீர்கள். ஒருமுறை தேர்த்திருவிழா அழைப்பிதழின் மெய்ப்பை வாங்கிய பங்குத்தந்தை ஒருவர், தம் பெயருக்கு முன்னிருந்த மூன்று சொற்களில் இரண்டைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் உபதேசியாரின் (மறைக்கல்வி கற்பிப்பவர்) பெயரை ‘திரு’ சேர்த்து எழுதித் திருப்பிக் கொடுத்தார். விழாக் குழுவினர் அந்த இரண்டு சொற்களை மறுபடி சேர்க்கச் சொன்னார்கள். அப்படி யாராவது கேட்டால், பென்சில் திருத்தம் உள்ள தாளையே அவர்களிடம் காட்டுங்கள். நான் அன்று அதைத்தான் செய்தேன்.