கேமராவுக்கு பிஓஇ ஸ்விட்ச் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் தன் வீட்டுக்குத் தானே கேமரா மாட்டினார். மின்சாரமும் படமும் ஒரே நெட்வொர்க் கேபிளில் போகும் பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) முறை, அதற்கான ஸ்விட்சும் வாங்கியிருந்தார். ஏணி வைத்து ஏறி, கேபிள் இழுத்து, முனைகளை கிரிம்ப் செய்து, ஆறு கேமராவையும் மதியத்துக்குள் திரையில் கொண்டுவந்துவிட்டார். படம் எடுத்து அனுப்பியிருந்தார், சுத்தமான வேலை. பொழுது சாய்ந்ததும் போன் வந்தது.

"அண்ணே, கேமரா ஒவ்வொன்னா அணைஞ்சு அணைஞ்சு வருது."

"ஸ்விட்ச் அடியில மொத்தம் எத்தனை வாட்னு போட்டிருக்கு, பாருப்பா."

60 என்றார். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. பல வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழி. புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் வரிசையாக அதிலேயே விழுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்விட்சை மழை படாத இடத்தில் வைப்பது, கேபிளை முறுக்காமல் இழுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'ஒரு போர்ட்டுக்கு 30 வாட்' என்ற வரியோடு நின்றுவிடுவது

பிஓஇ ஸ்விட்சுக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒரு போர்ட் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பது ஒன்று. எல்லா போர்ட்டும் சேர்ந்து எவ்வளவு கொடுக்கும் என்பது இன்னொன்று. 802.3ஏஎஃப் என்ற பழைய தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இல் வந்த 802.3ஏடி தரத்தில் 30 வாட். எட்டு போர்ட் இருக்கிறது, போர்ட்டுக்கு 30 வாட் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் 240 வாட் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிடைக்காது. வீட்டு உபயோகத்துக்கு வரும் சிறிய ஸ்விட்ச்களில் மொத்த வரம்பு 60, 65 வாட் என்பது சர்வசாதாரணம். 30 என்ற எண் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருக்கும். மொத்த எண் பின்பக்கத்து அட்டவணையில் பொடி எழுத்தில் இருக்கும். வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டிய எண்ணை இப்படி ஒளித்து வைப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்குவதில்லை.

இந்தத் தவறு பகலில் வெளியே தெரியாது. அதுதான் இதில் கொடுமை. சாதாரண புல்லட் கேமரா ஒன்று பகலில் 5 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். ஆறு கேமராவுக்கு 30 வாட். 60 வாட் ஸ்விட்சில் பாதி சும்மா இருக்கிற மாதிரி தோன்றும். இருட்டினதும் ஐஆர் விளக்குகள் (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள்) எரியும், அதே கேமரா 10, 11 வாட்டுக்கு ஏறும். ஆறும் சேர்ந்து 66 வாட். ஸ்விட்ச் உடனே முன்னுரிமை குறைந்த போர்ட்டை வெட்டும். பெரும்பாலான ஸ்விட்ச்களில் 1ஆம் போர்ட்டுக்குத்தான் முதல் மரியாதை, கடைசி போர்ட்டுக்கே முதல் வெட்டு. ஒரு கேமரா அணைந்ததும் சுமை இறங்குகிறது. இறங்கியதும் ஸ்விட்ச் அதற்குத் திரும்ப மின்சாரம் கொடுக்கிறது. கேமரா பூட் ஆகி எழுந்து ஐஆரைப் போடுகிறது, மறுபடி வரம்பு தாண்டுகிறது, மறுபடி வெட்டு. விடியும்வரை இதே கதைதான்.

பார்ப்பவருக்கு இது கேமராவின் கோளாறு மாதிரியே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. உறவினர் வீட்டில் நான் மாட்டிய கேமராக்களில், வாசல் கேட்டைப் பார்க்கும் கேமராவைக் கடைசி போர்ட்டில் செருகியிருந்தேன். அதுவே கடைசியாக இழுத்த கேபிள், வேறு காரணம் இல்லை. இரவானால் அது மட்டும் போய்ப் போய் வந்தது. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன். கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது உள் மென்பொருளை, மாற்றினேன். 40 மீட்டர் கேபிளைப் பிடுங்கிப் புதிதாக இழுத்தேன். கேமராவை இரண்டு முறை மாற்றி வாங்கினேன். ஒவ்வொரு முறையும் பகலில் சோதித்து, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. அந்த மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி கேட்டுக்குள் நின்ற பைக் காணாமல் போனது. பதிவை ஓட்டிப் பார்த்தால், பைக் நிற்கிறது, படம் கறுக்கிறது, படம் வரும்போது பைக் இல்லை. நடுவில் ஒன்றரை நிமிடம், கேமரா பூட் ஆகிக்கொண்டிருந்த நேரம். அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதே தவறுக்கு இன்னொரு முகமும் உண்டு. சில ஸ்விட்ச்கள் கேமரா உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அளப்பதில்லை. கேமரா தன்னை எந்த வகுப்பு என்று சொல்கிறதோ, அந்த வகுப்புக்கான முழு அளவையும் ஒதுக்கி வைத்துவிடும். 3ஆம் வகுப்பு என்றால் 15.4 வாட், கேமரா 6 வாட் எடுத்தாலும் சரி. 60 வாட் ஸ்விட்சில் இப்படி மூன்று கேமராவோடு கதை முடிந்தது. நான்காவதைச் செருகினால் விளக்குகூட எரியாது. ஒதுக்கும் முறையை மாற்றும் வசதி மேனேஜ்டு ஸ்விட்ச் (நாமே செட்டிங் மாற்றக்கூடிய வகை) சிலவற்றில் இருக்கிறது.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஒவ்வொரு கேமராவின் விவரத்தாளிலும் ஐஆர் எரியும்போது எடுக்கும் அதிகபட்ச வாட் என்ன என்று பாருங்கள். சராசரியை எடுக்காதீர்கள். சுழலும் கேமராவாக இருந்தால் மோட்டாரும் சேர்ந்த எண்ணை எடுங்கள். ஹீட்டர் உள்ள பெரிய கேமராக்கள் 25 வாட்டைத் தொடும். எல்லாவற்றையும் கூட்டி, மேலே கால் பங்கு சேருங்கள். அந்தக் கால் பங்கு வீண் இல்லை: கேபிளில் கொஞ்சம் சூடாகப் போகும், நாளைக்கு ஒரு கேமரா கூடும். ஆறு கேமராவுக்கு 11 வாட் வீதம் 66, கால் பங்கோடு 82 சொச்சம். 60 வாட் ஸ்விட்ச் எந்தக் கணக்கிலும் போதாது, 120 வாட் எடுத்தால் நிம்மதி.

வாங்கிய அன்றைக்கே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை செய்துவிடுங்கள். எல்லா கேமராவின் செட்டிங்கிலும் இரவு முறையைக் கட்டாயமாகப் போட்டு, ஐஆர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். பட்டப்பகலிலேயே உண்மை வெளிவந்துவிடும்.

எட்டு போர்ட்டிலும் பிஓஇ இருக்கும் என்று நினைப்பது

பலவற்றில் நான்கில்தான் இருக்கும். எண்ணிவிட்டு வாங்குங்கள்.

கேட்காமலே மின்சாரம் தள்ளும் ஸ்விட்ச்

தரப்படி செய்த ஸ்விட்ச் செருகியதும் மின்சாரத்தைக் கொட்டிவிடாது. முதலில் மிகக் குறைந்த வோல்டேஜை அனுப்பி, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் அது பிஓஇ சாதனம் என்று புரிந்துகொண்டு முழு வோல்டேஜைத் திறக்கும். பாஸிவ் பிஓஇ என்று விற்கப்படுபவை எதையும் கேட்பதில்லை. 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ எப்போதும் கேபிளில் நின்றுகொண்டே இருக்கும். தெரியாமல் லேப்டாப்பை அதில் செருகினால் அதன் நெட்வொர்க் போர்ட் போய்விடலாம். 24 வோல்ட் பாஸிவ் ஸ்விட்சில் 802.3ஏஎஃப் கேமரா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. 'பிஓஇ' என்ற மூன்று எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று முழுசாக எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

'250 மீட்டர்' பொத்தான்

தாமிரக் கேபிளில் ஈதர்நெட்டின் எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டிப் போகலாம் என்று ஒரு சின்னப் பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் அந்த போர்ட்களின் வேகம் 10 எம்பிபிஎஸ்ஸாக இறங்கிவிடும். இரண்டு மெகாபிக்சல் கேமரா அதில் ஓடிவிடும். 4கே கேமராவின் படம் திக்கும், உறையும். சில மாடல்களில் ஒரு போர்ட்டுக்காக அழுத்தினால் பக்கத்து போர்ட்களும் சேர்ந்து இறங்கும். தூரம் உண்மையிலேயே அதிகம் என்றால் நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் வையுங்கள், அல்லது ஃபைபர் இழுத்து அந்தப் பக்கம் இன்னொரு சிறிய ஸ்விட்ச் வையுங்கள்.

அப்லிங்கை மறப்பது

எல்லா போர்ட்டும் கிகாபிட் வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. ஒரு கேமராவுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். ஆனால் எல்லாக் கேமராவும் சேர்ந்து என்விஆருக்கு (படங்களைப் பதிவு செய்யும் பெட்டிக்கு) போகிற அந்த ஒரு அப்லிங்க் போர்ட் கிகாபிட்டாக இருந்தே ஆக வேண்டும். 4கே கேமரா எட்டு, ஒவ்வொன்றும் எச்.264 என்ற படம் சுருக்கும் முறையில் 16 எம்பிபிஎஸ் என்றால் 128. 100இல் அது நுழையாது.

யூபிஎஸ்

ஸ்விட்ச், என்விஆர், ரவுட்டர் மூன்றும் அதில். ஸ்விட்சையோ என்விஆரையோ விட்டால் பதிவு நிற்கும், ரவுட்டரை விட்டால் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

அலுமினியக் கேபிளைப் போட்டுவிட்டு ஸ்விட்சைத் திட்டுவது

சிசிஏ என்ற பெயரில் வருவது தாமிரம் பூசிய அலுமினியம். அலுமினியம் தாமிரத்தில் சுமார் 61 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். தூரம் கூடக்கூட வோல்டேஜ் இறங்கும், இறங்கினால் அதே வாட்டுக்கு கேமரா அதிக ஆம்பியர் இழுக்கும், அதனால் இன்னும் இறங்கும். இரவில் ஐஆர் எரியும்போது தூரத்துக் கேமரா அணைந்துபோகும். அடையாளம் பார்த்தால் மேலே சொன்ன வாட் பற்றாக்குறை மாதிரியே இருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இரவில், மற்ற கேமராக்களை எல்லாம் கழற்றிவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அப்போதும் அணைந்தால் பெரும்பாலும் கேபிளோ முனையோதான் காரணம். தனியாக விட்டால் ஒழுங்காக ஓடுகிறது, எல்லாவற்றையும் செருகினால் அணைகிறது, போர்ட் மாற்றினால் வேறொரு கேமரா அணைகிறது என்றால் ஸ்விட்சுக்கு வாட் போதவில்லை.

தம்பியிடமும் போனிலேயே இதைச் செய்யச் சொன்னேன். முதலில் கடைசி கேமராவை மட்டும் தனியாக ஓடவிட்டார், அணையாமல் ஓடியது. பிறகு ஆறில் இரண்டைக் கழற்றிவிட்டு நான்கை ஓடவிட்டார். காலைவரை ஒன்றுகூட அணையவில்லை. மறுநாள் ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்து 120 வாட் ஒன்று வாங்கி வந்தார். வாசல் கேமராவை 1ஆம் போர்ட்டில் போடச் சொன்னேன், போட்டுவிட்டார்.