லாயோல் கத்திப் பட்டறைக்குப் போகிறீர்களா?

ரெயூனியன் தீவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சு போகிற நம்மவர்கள், தெற்கே அவெய்ரோன் பக்கம் போக வாய்த்தால் லாயோல் ஊரின் மடக்குக் கத்திப் பட்டறையை விட்டுவிடாதீர்கள். 1987-இல் தொடங்கிய 'ஃபோர்ஜ் த லாயோல்' ஆலையின் கூரையில் 18 மீட்டர் உயரத்துக்கு ஒரு கத்தி அலகு நிற்கிறது, வழி கேட்கவே வேண்டாம். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள், அப்போதுதான் கைவேலை நடக்கும். ஒரே ஆள் அலகு, வில் (ஸ்பிரிங்), பிடி எல்லாவற்றையும் கோத்து முடிப்பதைக் கிட்ட நின்று பாருங்கள். கொம்புப் பிடியில் பொடி ஆணிகளைச் சிலுவை வடிவில் பதிக்கும் நேர்த்தி இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள். லாயோல் என்று பெயர் போட்டு எங்கெங்கோ செய்த கத்திகளும் சந்தையில் கிடக்கின்றன. மடக்கும்போது பட்டென்று விடாமல் கையால் மெல்ல மூடுங்கள். இல்லாவிட்டால் கூர் உள்ளே இருக்கும் வில்லில் இடித்து மழுங்கும். கார்பன் எஃகு அலகு என்றால், மாங்காய் நறுக்கியதும் துடைத்துவிடுங்கள், புளிப்பில் கறுத்துப்போகும்.

அப்புறம் முக்கியமானது: திரும்பும்போது கத்தி கைப்பையில் இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.