நாள் வாடகை வீடும் நகர அதிகாரியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க் நகரில் வீட்டையோ அறையையோ நாள் வாடகைக்கு விடுகிறவர்களின் பயமெல்லாம் அதிகாரி கதவைத் தட்டும் நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. அவர் படியேறும்போதே பாதி வழக்கு அவர் கையில் இருக்கக்கூடும். அக்கம்பக்கத்தில் யாரோ நகரின் புகார் எண்ணான 311-ஐ அழைத்துப் புகார் செய்திருப்பார்கள். விளம்பரத்தில் உள்ள படங்களையும், தங்கிப் போனவர்கள் எழுதிவைத்த பாராட்டுகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாள் வாடகை விதிகளை அமல்படுத்தும் மேயரின் சிறப்பு அமலாக்க அலுவலகமும் பார்க்கும். மிச்சப் பாதியை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வீட்டை வாடகைக்கு விட்டவரேதான்.

அப்படிக் கொடுக்கும் வழிகளில் மோசமானது, விருந்தினருக்குப் பொய் சொல்லக் கற்றுத்தருவது. "யாராவது கேட்டால் என் உறவினர் என்று சொல்லிவிடுங்கள்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்தவருக்கு உங்களைக் காப்பாற்ற என்ன கட்டாயம்? தங்குகிறவர்மேல் இந்த நகரம் அபராதம் போடுவதில்லை. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு பணம், வீட்டுக்காரர் உடன் இருக்கிறாரா என்ற நான்கு கேள்விகளுக்கும் அவர் பதில் சொல்லிவிட்டு, கையோடு கைபேசியையும் காட்டிவிடுவார். விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் சொல்ல நினைத்தால், அந்தக் குறுஞ்செய்தியே குறுக்கே வந்து நிற்கும்.

கதவு விஷயத்தில் மக்கள் இரண்டு எல்லைகளுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் உள்ளே அழைத்து எல்லா அறைகளையும் சுற்றிக் காட்டுகிறார்கள். சிலர் கத்துகிறார்கள், வழிமறிக்கிறார்கள். வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதிக்க வரும் நகர ஆய்வாளரை அனுமதிக்க மறுப்பது குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கமாரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பெயரையும் துறையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, வாரண்ட் இல்லாமல் உள்ளே வர எனக்குச் சம்மதமில்லை என்று அமைதியாகச் சொன்னாலே போதும். இந்த உரிமையை அளவுக்கு மீறி நம்புவதும் தவறுதான். நீதிமன்றத்தில் வாரண்ட் வாங்க அவர்களுக்கு வழி உண்டு. தீ போன்ற அவசர ஆபத்து என்றால் அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இதையெல்லாம்விட முக்கியமாக, நீங்கள் வெளியில் இருக்கும்போது கதவைத் திறக்கப்போவது உங்கள் விருந்தினர். 'உள்ளே வாருங்கள்' என்று அவர் சொல்லிவிட்டால், உங்கள் மறுப்புக்கு அங்கே இடமே இல்லை.

'நான் பதிவு செய்திருக்கிறேன், எனக்கென்ன' என்பவர்களும் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் நகரச் சட்டப்படி 2023 செப்டம்பர் 5 முதல் 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்குப் பதிவு எண் கட்டாயமானது. எண் இல்லாதவருக்கு முன்பதிவு செய்து கொடுக்கும் Airbnb போன்ற இணையத் தளத்துக்கும் அபராதம் உண்டு. ஆனால் எண் வாங்கியதோடு கடமை முடிந்துவிடாது. நீங்கள் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், விருந்தினர் தங்கும் நாட்களில் அங்கே இருக்கவும் வேண்டும், பணம் கொடுத்துத் தங்குகிறவர் இருவருக்கு மேல் போகக்கூடாது. வீட்டின் எல்லா அறைகளுக்கும் அவர்கள் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஒவ்வொரு அறைக்கதவிலும் எண் பூட்டு மாட்டுகிறார்கள். அந்தப் பூட்டின் புகைப்படம் ஒன்றே போதும், இது வீடு அல்ல, விடுதி என்று வாதிட.

விடுதி என்று ஆகிவிட்டால் அடுத்த சிக்கல் தீயணைப்பு விதிகளிலிருந்து வரும். நிரந்தரக் குடியிருப்புக்கு என்று கட்டப்பட்ட கட்டடத்தில் வெளியூர்க்காரர்களை மாற்றி மாற்றித் தங்கவைத்தால், தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை, தீ எச்சரிக்கை அமைப்பு இல்லை, வெளியேறும் வழி போதாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சம்மன் எழுத முடியும். பதிவு இல்லாததற்கான 5,000 டாலர் வரையிலான அபராதத்தை மட்டும் கணக்குப் போட்டு, வரும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கட்டட விதிமீறல்களில் உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட ஒன்றுக்கே 25,000 டாலர் வரை போகலாம்.

தளத்தை விட்டு வெளியேறிச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்தால் தப்பிக்கலாம் என்பதும், 30 நாள் ஒப்பந்தம் எழுதி மூன்றாம் நாள் அனுப்பிவிடலாம் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் யோசனைகள். பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் சட்டவிரோதத் தங்கலை விளம்பரம் செய்வதே 2016 முதல் 7,500 டாலர் வரை அபராதத்துக்குரியது. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், ஒருவர் எத்தனை நாள் தங்கினார் என்பதை அவரே சொல்லிவிடுவார். ஆவணங்களைக் கேட்டு ஆணை வந்த பிறகு செய்திகளை அழிப்பது இன்னும் ஆபத்து. உங்களிடம் இல்லாத பிரதி தளத்திடம் இருக்கும். நீங்கள் அழித்ததும் தெரியவரும்.

சம்மனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களை என்னவென்று சொல்ல! விசாரணை நடப்பது நகரின் நிர்வாக விசாரணை மன்றத்தில். குறித்த நாளில் போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு, வந்து வாதாடியிருந்தால் விதித்திருக்கக்கூடியதைவிடப் பெரிய தொகையை விதித்துவிடுவார்கள். போகிறவருக்கோ தேதி, முகவரி, ஆய்வாளர் எழுதிய குறிப்பு என எதிலாவது பிழை இருக்கிறதா என்று பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. தொகை பெரிது என்றால் வழக்கறிஞருக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நீங்களே வாடகைக்குக் குடியிருப்பவர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டடம் தொடர்பான சம்மன் உரிமையாளர் பெயருக்கும் போகலாம். அதை அவர் கையில் வைத்துக்கொண்டு உங்களை வெளியேற்ற வழக்குப் போட்டால், அது நடப்பது வேறு நீதிமன்றத்தில். அங்கே பேச்சு அபராதத்தைப் பற்றி இருக்காது, நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் பற்றியே இருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்குப் பதிவு எண்ணே கிடைக்காது என்பதால், அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் அறையை நாள் வாடகைக்கு விடும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடலாம்.