கோல் கோட்டருகே ரிசீவரின் உயரத்தை எடைபோடும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் உயரமான ரிசீவர்தான் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) கோல் கோட்டருகே அதிகம் பயன்படுவார் என்ற கருத்தைச் சோதிக்க விரும்புவோர், முதலில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டங்கள் இரண்டின் இறுதிக் கட்டத்தைப் பதிவில் பார்க்க வேண்டும். 2008 பிப்ரவரி 3 அன்று, 35 விநாடிகள் எஞ்சியிருந்தபோது, 6 அடி 5 அங்குல உயரமுள்ள பிளாக்ஸிகோ பர்ரெஸ் 13 யார்டு தூரத்திலிருந்து வந்த பந்தைப் பிடித்து நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு வெற்றியைத் தந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று, அதே 35 விநாடிகள் எஞ்சியிருந்தபோது, 6 அடியைக்கூட எட்டாத சான்டோனியோ ஹோம்ஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக, கோல் கோட்டுக்கு அப்பால் புள்ளி பெறும் பகுதியான எண்ட் சோனின் வலது மூலையில் 6 யார்டு பாஸைப் பிடித்தார்.

இவ்விரண்டில் உயரம் உதவியது எதில் என்று கவனியுங்கள். பர்ரெஸைத் தடுக்க நின்ற எல்லிஸ் ஹாப்ஸ் அவரைவிட ஏறக்குறைய 8 அங்குலம் குட்டையானவர். ஆயினும் பர்ரெஸ் அவருக்கு மேலே எம்பிப் பந்தைப் பறிக்கவில்லை. உட்புறமாகப் பாய்வதுபோல் ஓரடி வைத்து, ஹாப்ஸ் அந்தப் பக்கம் சாய்ந்ததும் மூலையை நோக்கி ஓடி, ஆளில்லாத இடத்தில் பந்தை வாங்கிக்கொண்டார். ஹோம்ஸோ மூன்று தடுப்பாளர்களின் கைகளுக்கு மேலாக வந்த பந்தை முழு நீளத்துக்குக் கைநீட்டிப் பிடித்து, இரண்டு கால்களின் விரல் நுனிகளையும் கோட்டுக்குள் ஊன்றியபடி விழுந்தார். நெட்டையர் கால் வித்தையால் வென்றார். குட்டையர் கை எட்டும் உயரத்தால் வென்றார்.

ஆகவே, உயரம் வேலை செய்யக்கூடிய சூழலைத் தனியே பிரித்து அறிவதே இம்முறையின் அடிப்படை. மைதானத்தின் அளவு இதற்கு உதவும். எண்ட் சோனின் ஆழம் 10 யார்டு. பந்து 5 யார்டு கோட்டில் இருந்தால் ரிசீவர் முன்னோக்கி ஓட மொத்தமே 15 யார்டுதான் இருக்கிறது. நடு மைதானத்தில் தடுப்பாளர்களைப் பின்வாங்கச் செய்யும் வேகம் இங்கே பெரும்பாலும் பயனற்றுப் போகிறது. பின் எல்லைக்கோடு தடுப்பணிக்குக் கூடுதலாகக் கிடைத்த ஓர் ஆளைப்போல ஆகிவிடுகிறது. அகலம் மட்டும் 53 யார்டுக்குச் சற்று மேல் என்ற அளவில் மாறாமல் இருக்கிறது. எனவே பந்தை எறிபவருக்கு எஞ்சுவன பக்கவாட்டு இடமும் தலைக்கு மேலுள்ள வெளியும்தான். அந்த மேல்வெளியைப் பயன்படுத்தும் பாஸ்களில் மட்டுமே உயரத்துக்கு நேரடி மதிப்பு உண்டு.

அந்த மதிப்பை அளக்கும்போது பெயர்ப் பட்டியலில் உள்ள உயரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நின்றபடி கை எட்டும் அளவையும் எம்பும் அளவையும் கூட்டிப் பாருங்கள். ஒருவரின் கை மற்றவரைவிட 7 அங்குலம் மேலே எட்டினாலும், மற்றவர் 7 அங்குலம் கூடுதலாக எம்பக்கூடியவர் என்றால் இருவரும் ஒரே உயரத்தில்தான் பந்தைத் தொடுவார்கள். பிறகு இந்தத் தொகையை எதிரே நிற்கும் தடுப்பாளரின் தொகையோடு ஒப்பிட வேண்டும், ஏனெனில் பயன் தருவது இருவருக்கும் இடையிலான வேறுபாடே. உடலால் தடுப்பாளரைப் பின்னால் நிறுத்திவைக்கும் திறனையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மயாமி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய ஜிம்மி கிரகாம் 2013இல் 16 டச்டவுன் பாஸ்களை (எண்ட் சோனில் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றுத் தருபவை) பிடித்து லீக்கில் முதலிடம் பெற்றார். 6 அடி 7 அங்குல உயரத்தோடு, கூடை வளையத்தின் கீழ் ரீபவுண்டுக்கு இடம்பிடிக்கும் பழக்கமும் அவருக்குத் துணைநின்றது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, ஒவ்வொரு டச்டவுனிலும் பந்து எங்கே பிடிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்: தலைக்கு மேலா, மார்புக்கு நேரா, இடுப்புக்குக் கீழா என்று மூன்று பிரிவுகள் போதும். மூலையை நோக்கி உயரமாக எறியப்படும் ஃபேட் பாஸ்கள் பெரும்பாலும் முதல் பிரிவில் விழும். உட்புறமாக வெட்டி ஓடும் ஸ்லாண்ட் பாஸ்கள் பெரும்பாலும் இரண்டாவது பிரிவில் சேரும். அங்கே முடிவு செய்வது முதல் அடியின் விரைவு. 2015 சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில், 1 யார்டு கோட்டிலிருந்து ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு எறியப்பட்ட பந்தை, அவரைவிடச் சற்றுக் குட்டையான மால்கம் பட்லர் இடைமறித்துப் பிடித்தார். பந்து சேரவேண்டிய இடத்துக்கு அவர் முந்திச் சென்றதால் லாக்கெட்டின் கூடுதல் உயரத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது.

எண்களை ஒப்பிடும் கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள், ஆகவே இங்கே பொறுமை தேவை. ஓர் ஆண்டின் மொத்த டச்டவுன்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். 6 அடி 5 அங்குல உயரமுள்ள கால்வின் ஜான்சன் 2011இல் 16 டச்டவுன்களைப் பிடித்தார். 2012இல் பிடித்த பந்துகளால் 1,964 யார்டு முன்னேறி, ஓர் ஆண்டுக்கான லீக் சாதனையைப் படைத்த அவருக்கு அந்த ஆண்டு கிடைத்தவை 5 மட்டுமே. அவருடைய உயரம் அப்படியேதான் இருந்தது. மறுபுறம், 5 அடி 10 அங்குல உயரமுள்ள அன்டோனியோ பிரவுன் 2018இல் 15 டச்டவுன்களோடு லீக்கில் முதலிடம் பெற்றார். அதே உயரமுள்ள டைரீக் ஹில் 2020இல் 15 பிடித்தார். ஆகவே பல ஆண்டுகளைச் சேர்த்து, 10 யார்டு கோட்டுக்குள் ஒருவரை நோக்கி எறியப்பட்ட பந்துகள் எத்தனை, அவற்றில் டச்டவுனானவை எத்தனை என்ற விகிதத்தைக் கணக்கிடுங்கள். டைட் எண்டுகளையும் (எதிரணியினரை மறித்துத் தடுக்கும் வேலையும் செய்யும் பருத்த ரிசீவர்கள்) வைட் ரிசீவர்களையும் (பெரும்பாலும் ஓரத்தில் நின்று ஓடுபவர்கள்) ஒரே பட்டியலில் கலக்க வேண்டாம். இருவரும் எதிர்கொள்ளும் தடுப்பாளர்கள் வேறு வகையினர்.

இந்த விகிதத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. குட்டையான ரிசீவர் ஒருவர் அந்த லீக்கில் நிலைக்க வேண்டுமானால், வேகத்திலோ கால் வித்தையிலோ அவர் அசாதாரணமானவராக இருந்தாக வேண்டும். உயரமானவருக்கு அந்த நிபந்தனை சற்றுத் தளர்கிறது. ஆகவே இரு கூட்டத்தாரின் சராசரிகள் நெருங்கி வந்தாலும், உயரத்துக்குப் பயனே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. பந்தை எறிபவரின் திறமும் இதில் கலந்திருக்கிறது. 6 அடி 1 அங்குல உயரமுள்ள டவான்டே ஆடம்ஸ் 2020இல் 18 டச்டவுன்களைப் பிடித்தபோது அவருக்குப் பந்தெறிந்தவர் ஆரன் ராட்ஜர்ஸ் என்பதை மறந்து அந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

ஃபேன்டசி அணிக்கு (உண்மை வீரர்களின் ஆட்டத்தைக் கொண்டு புள்ளி பெறும் கற்பனை அணி) ஆள் தேர்ந்தெடுக்க இந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துவோருக்கு என் பரிந்துரை இது: 10 யார்டு கோட்டுக்குள் யாருக்கு அதிகப் பந்துகள் எறியப்படுகின்றன என்பதை முதலிலும், யார் முதல் இரண்டு அடிகளில் தடுப்பாளரை விலக்குகிறார் என்பதை அடுத்தும் பாருங்கள். இவ்விரண்டிலும் இருவர் சமமாக இருந்து, அவர்களுக்குப் பந்தெறியும் குவாட்டர்பேக்குகளும் ஃபேட் பாஸ்களை நம்பி எறிபவர்களாக இருந்தால், அப்போது உயரமானவரை எடுத்துக்கொள்ளுங்கள்.