பழைய அமெரிக்கக் கார்ப் படங்கள்: கண் ஏமாறும் இடங்கள்

மூக்கில் தோட்டா நுனிபோலக் குண்டு வைத்த காரெல்லாம் ஸ்டூடிபேக்கர் கம்பெனியுடையது என்று பல வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஒருநாள் நண்பர் ஒருவர் உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மேசையில் வைத்து, அதன்மேல் பூதக்கண்ணாடியையும் வைத்தார். குண்டுக்கு மேலே, பானெட்டின் விளிம்பில், இடைவெளி விட்டுப் பதித்த நான்கு எழுத்துகள்: ஃபோர்டு. அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அது 1949 மாடல். வித்தியாசம் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பிறகு குழப்பமே வராது. 1950, 1951 ஸ்டூடிபேக்கரில் முகமே விமானத்தின் முன்பகுதிபோல் நீண்டு, நுனியில் குண்டும் அதைச் சுற்றிப் பெரிய வளையமுமாக இருக்கும். ஃபோர்டில் அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. கிரில்லின் குறுக்குக் கம்பிக்கு நடுவில் குண்டு உட்கார்ந்திருக்கும். 1950 ஃபோர்டிலும் அதே குண்டுதான், ஆனால் எழுத்துகள் போய்க் கேடயச் சின்னம் வந்துவிட்டது. 1951-இல் குண்டு இரண்டானது.

நம்முடைய தவறுகளில் பாதி இப்படித்தான் தொடங்குகிறது. கண் முதலில் பளபளப்பின் மேல் விழுகிறது, வாய் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறது. வால் துடுப்பு தெரிந்தால் போதும், கேடிலாக் என்பார்கள். துடுப்பைக் கொண்டுவந்தது கேடிலாக் என்பது உண்மைதான். பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து ஹார்லி ஏர்லின் வடிவமைப்புக் குழு 1948 மாடலில் வைத்த அந்தத் துடுப்பு, பின் மட்கார்டில் சிறு புடைப்புப்போலத்தான் இருந்தது. நாம் நினைக்கும் வானுயரத் துடுப்பும் இரட்டைத் தோட்டா விளக்கும் 1959-க்கு உரியவை. இடைப்பட்ட காலத்தில், 1957-இல், விர்ஜில் எக்ஸ்னர் வரைந்த கிரைஸ்லர், டி சோட்டோ, டாட்ஜ், பிளிமத் எல்லாமே துடுப்போடு வந்துவிட்டன. அதே ஆண்டு ஷெவர்லேவுக்கும் துடுப்பு உண்டு. ஆகவே துடுப்பைப் பார்த்தால் ஏறத்தாழ எந்தக் காலம் என்று சொல்லலாம். கம்பெனியைச் சொல்லிவிடக் கூடாது.

பியூக் கார்களின் முன் மட்கார்டில் இருக்கும் பக்கவாட்டு ஓட்டைகளை எண்ணுவதும் அதே ரகம். 1949-இல் அவை வந்தபோது மேல்படி மாடலான ரோட்மாஸ்டருக்கு நான்கு, கீழ்ப்படி மாடலுக்கு மூன்று. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு 1955 படத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஆண்டு செஞ்சுரி மாடலுக்கும் நான்கு ஓட்டைகள் கொடுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, வேறு கம்பெனிக் கார்களில் ஒட்டிக்கொள்ளப் போலி ஓட்டைகள் உதிரிபாகக் கடைகளில் விற்றன. சக்கர மூடி, பானெட் பொம்மை எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. கழற்ற முடியாததைப் பாருங்கள்: கூரையின் வளைவு, கதவுக் கண்ணாடியின் வடிவம், முன் கண்ணாடி ஒரே துண்டா நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டா என்பது. 1951 வரை ஃபோர்டு கார்களில் இரண்டு துண்டு. 1952-இல் ஒரே வளைந்த கண்ணாடி.

விளக்குகளும் நன்றாகவே துப்புக் கொடுக்கும். நான்கு ஹெட்லைட் இருந்தால் கார் 1957-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை என்றே கொள்ளலாம். 1958-இல் பெரும்பாலான அமெரிக்கக் கார்கள் நான்கு விளக்குக்கு மாறின. ஆனால் ஹெட்லைட் மட்கார்டுக்குள் பதிந்திருப்பதால் 1930-களின் கடைசி என்று முடிவு கட்டாதீர்கள். பியர்ஸ் ஆரோ என்ற ஆடம்பரக் கார் 1914-லேயே விளக்கை மட்கார்டில் ஏற்றிவிட்டது. பெட்ரோல் பங்கில் எடுத்த படம் கிடைத்தால் இன்னும் வேடிக்கை. 1956 ஷெவர்லேயில் இடப்பக்க வால் விளக்குக்குப் பின்னால்தான் டேங்க் மூடி. குழாயை விளக்குக்குள்ளேயே செருகியதுபோலத் தெரியும். கேடிலாக்கில் அந்த வித்தை 1941-லேயே உண்டு.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான்: காரின் ஆண்டையே படத்தின் ஆண்டாக எழுதிவிடுவது. கார், படம் எதற்கு முன்னால் எடுத்திருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். டோரதியா லாங்கே என்ற புகைப்படக்காரர் 1930-களில் கலிபோர்னியாவில் எடுத்த படங்களைப் பாருங்கள். பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் மெத்தையும் பாத்திரமும் ஏற்றி நிற்கும் வண்டிகள் பலவும் 1920-களின் வண்டிகள். பஞ்ச காலத்தில் யார் புதுக்கார் வாங்கினார்கள்? காரின் மாடல் ஆண்டுக்குக் கொஞ்சம் முந்தியும் படம் எடுத்திருக்கலாம். புது மாடல் முந்தின ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைக்கு வந்துவிடும் என்பதால், 1957 ஷெவர்லே 1956 கிறிஸ்துமஸ் படத்தில் நிற்பதில் அதிசயமில்லை. ஆனால் '1944 மாடல்' என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தவறு. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்தினார்கள். போர் முடிந்து வந்த 1946 கார்களில் பல, கிரில்லை மட்டும் மாற்றிய 1942 கார்களே.

படம் எடுத்த ஆண்டு வேண்டுமானால் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்குங்கள். அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் ஆண்டுதோறும் புதுப் பிளேட் கொடுத்து, அதில் ஆண்டையும் அச்சடித்தன. போர்க்காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க இல்லினாய் மாநிலம் சோயாவில் செய்த அட்டைப் பிளேட்டைக் கொடுத்தது. அதை ஆடும் மாடும் கடித்துத் தின்ற கதைகளும் உண்டு.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். ஃபோர்டு மாடல் டி எல்லாமே கறுப்பு என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கறுப்பு மட்டும் என்ற கட்டுப்பாடு 1914 முதல் 1925 வரைதான். 1909-இல் அவர்கள் விற்ற பெரிய திறந்த வண்டிகளில் சிவப்பு உண்டு. படத்தில் அது கரிபோல நிற்கும். இப்போது கணினியில் கொடுத்து வண்ணமேற்றுகிறார்கள். அது பார்த்துச் சொல்வதில்லை, ஊகிக்கிறது. தெளிவாக்கித் தருகிறேன் என்று சொல்லி இல்லாத எழுத்தைப் பெயர்ச் சின்னத்தில் செதுக்கிவிடுவதையும் கண்டிருக்கிறேன். அசல் படத்தை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருக்கலாம். ஆண்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆனால் சென்னையிலோ கொழும்பிலோ எடுத்த குடும்பப் படம் என்றால் வலப்பக்க ஸ்டியரிங்தான் முறை. நம் பாட்டிமார் 'பிளஷர்' என்று சொன்ன வண்டிகளில் ஃபோர்டு பலவும் கனடாவிலிருந்து வந்தவை. இன்னொரு கண்ணியும் இங்கே இருக்கிறது. டி சோட்டோ டிப்ளமேட் என்பது பிளிமத் உடம்புக்கு டி சோட்டோ முகம் வைத்து ஏற்றுமதிக்கென்று செய்த கார். அமெரிக்க விளம்பரப் புத்தகங்களை மட்டும் புரட்டினால் அந்த முகம் கிடைக்காது, 'யாரோ மாற்றிக் கட்டிய வண்டி' என்று தள்ளிவிடுவோம்.

பெயர் தெரிந்ததும் படத்தை மூடிவிடுவதுதான் நான் அதிகம் செய்த தவறு. 1949 ஃபோர்டு என்று நண்பர் நிரூபித்த அன்று தோற்ற கோபத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாதங்கள் கழித்துக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. கதவில் சாய்ந்திருக்கும் பெண்ணின் காலில் செருப்பில்லை. பின் சீட்டில் ஒரு கோழிக்கூண்டு. பம்பரின் குரோமில், வளைந்து குட்டையாக, படமெடுத்தவரின் உருவம், தொப்பி வைத்திருக்கிறார்.